குடியிருப்புப் பகுதி இளையோருடன் கலைப் பட்டறையும் வழிகாட்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் 12 முதல் 19 வயது வரையுள்ளவர்களோடு பறை, நாடகம், கானா, புகைப்படம், சுவரோவியம் என ஏதாவது ஒரு கலையை வைத்து வாராந்தரக் குழு நடத்த நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. வேறு ஊர்களில் நடத்துவோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

டியூஷன் சென்டர் இருக்கிறதே, கலை எதற்கு?

டியூஷன் வேண்டும். ஆனால் அங்கே ஒரு பிள்ளை தினமும் சந்திப்பது தனக்குத் தெரியாததைத்தான். கணக்கில் தோற்ற பையனுக்குத் தாளம் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை வைத்துத் தொடங்கும்போது அவன் முதல் நாளே தெரிந்தவனாக வந்து உட்காருகிறான்.

இன்னொரு காரணமும் உண்டு. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்து பல கிலோமீட்டர் அப்பால் கொண்டுவந்து விட்டபோது, பள்ளி ஆண்டின் நடுவிலேயே மாறியவர்கள் பலர். பழைய கூட்டாளிகள் போனார்கள், தெரிந்த கடைக்காரர் போனார், பாட்டி வீடு போனது. வேலைக்குப் போய் முகவரி சொன்னால் எதிரிலிருப்பவர் முகம் மாறுகிறது. இந்த இழப்பைப் பற்றி எதிரெதிரே உட்கார்ந்து பேசு என்றால் எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் பேசாது. வர்ணம் கலக்கும்போதும் பறைத் தோல் காயும்வரை காத்திருக்கும்போதும் தானாகப் பேசும். கைக்கு ஒரு வேலை இருப்பதுதான் கலையின் முதல் பயன். மேடை அப்புறம்.

பஸ் வராததையும், தண்ணீர் வராததையும், அப்பாவுக்கு வேலை போனதையும் பறை தீர்க்காது. அவற்றுக்கான மனு, போராட்டம், அலைச்சல் எல்லாம் தனியாக நடக்க வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை நாள்?

ஒரு நாள். அதே கிழமை, அதே இடம், அதே நேரம், இரண்டு மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்கிய குழுக்கள் இரண்டாம் மாதத்தில் ஒரு நாளாகிப் பிறகு நின்றுபோகின்றன. பிள்ளைகள் அதை "இவங்களும் போயிட்டாங்க" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை நன்றாக வேலை செய்கிறது. கார்த்திகை, மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால் 3.30க்குத் தொடங்கி 5.30க்கு முடியுங்கள். முதல் பதினைந்து நிமிடம் சும்மா வந்து சேர்வது, அடுத்த இருபது உடம்பை அசைக்கும் விளையாட்டு, ஐம்பது நிமிடம் கலை, பிறகு தின்பண்டம். கடைசி அரை மணி, ஆண்டு முழுக்கப் பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் வழிகாட்டியோடு சிறு குழுப் பேச்சு. பேச்சைத் தொடக்கத்தில் வைத்தால் நடக்காது.

காலண்டரில் முகூர்த்த நாட்களை வட்டமிட்டு வையுங்கள். பெரிய பையன்கள் பலர் கேட்டரிங்கில் பரிமாறும் வேலைக்குப் போவார்கள், அன்று கூட்டம் பாதிதான். அதை ஒழுங்கீனமாகப் பார்க்காதீர்கள், அது வீட்டுக்கான வருமானம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் இல்லாததால் வருகை நன்றாக இருக்கும். முக்கிய ஒத்திகைகளை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குழுவில் எத்தனை பேர்? யார் யார் வேண்டும்?

இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஒரு கலைஞர், நான்கு வழிகாட்டிகள். ஒவ்வொரு வழிகாட்டியின் பொறுப்பிலும் ஐந்து பேர், ஆண்டு முழுக்க அதே ஐந்து பேர். கலைஞரும் வழிகாட்டியும் ஒரே ஆளாக இருப்பது சிக்கனமாகத் தோன்றும். கற்றுக்கொடுப்பவரின் கண் கையின் மீதும் தாளத்தின் மீதும் இருக்கும். மூன்று வாரமாக ஒரு பெண் முழுக்கைச் சட்டையிலேயே வருவதைக் கவனிக்க வேறொரு கண் வேண்டும்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பட்டமும் பேச்சுத்திறனும் இரண்டாம் பட்சம். "அடுத்த பன்னிரண்டு மாதம் சனிக்கிழமை மாலை உங்களால் வர முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர், வேலை மாறப்போகிறவர் ஆகியோருக்கு ஒருநாள் பணிகள் நிறைய இருக்கின்றன: நிகழ்ச்சி ஏற்பாடு, கணக்கு, படம் அச்சிடுவது. வழிகாட்டியாக அவர்களை அமர்த்தாதீர்கள்.

காவல்துறை சரிபார்ப்புச் சான்று, தெரிந்த இருவரின் பரிந்துரை, நேர்முகப் பேச்சு, பிறகு நான்கு வாரம் பார்வையாளராக இருத்தல். இதில் எதையும், எவ்வளவு நெருங்கிய நண்பருக்காகவும், விட்டுக்கொடுக்கக் கூடாது. நான்கு வாரத்தில் யார் அதிகம் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பகுதியிலேயே வளர்ந்த இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுக்காரர்கள் நால்வரில் இருவராவது இருக்க வேண்டும். மாடியில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடும்போது அதில் நடிப்பு இருக்காது. அவர்களுக்குக் கட்டாயம் ஊதியம் கொடுங்கள். வெளியிலிருந்து வருபவர் வசதி இருப்பதால் இலவசமாக வரலாம், உள்ளூர்க்காரர் வேலை நேரத்தை விட்டுவிட்டு வருகிறார்.

விதிகளை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மூடிய அறையில் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. இரவு 8க்கு மேல் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. ஆபத்து என்று பிள்ளையே அழைத்தால் எடுத்துப் பேசலாம், உடனே ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்ல வேண்டும். கடன் கொடுப்பதோ வாங்குவதோ கிடையாது. ஒருவருக்கு மட்டும் பரிசு கிடையாது. சாதி கேட்பது கிடையாது.

ஒரு ஆண்டு என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? மூன்று மாதத் திட்டம் நடத்தக் கூடாதா?

அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஓராண்டுக்கு மேல் நீடித்த வழிகாட்டி உறவுகளில் இளையோருக்கு மிக அதிகப் பயன் கிடைத்தது. வெகு சீக்கிரம் முறிந்த உறவுகளிலோ, தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. அதாவது பாதியில் போகும் வழிகாட்டியால் கெடுதலும் வரலாம். ஏற்கெனவே வீட்டையும் நண்பர்களையும் இழந்த பிள்ளைகளிடம் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

மூன்று மாதத்துக்குத்தான் ஆளும் பணமும் இருக்கிறதென்றால், வழிகாட்டல் என்று பெயர் வைக்காமல் கலைப் பயிற்சி என்று மட்டும் சொல்லி, முடியும் தேதியை முதல் நாளே சுவரில் எழுதி நடத்துங்கள். அது நேர்மையான ஏற்பாடு.

வழிகாட்டி விலகியே தீர வேண்டும் என்றால் ஆறு வாரத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் அவரே சொல்ல வேண்டும். கடைசி நாள் விடைபெறும் நாளாகவே நடக்க வேண்டும். புதியவர் அதற்கு முன் மூன்று வாரமாவது கூட உட்கார்ந்திருக்க வேண்டும்.

பறைப் பயிற்சிக்கு என்னென்ன தேவை?

இருபது பேருக்கு எட்டுப் பறை போதும். முதல் நான்கு வாரம் எல்லோரும் பழைய டயரிலோ தரையில் மடித்த சாக்கிலோ குச்சியால் பழகட்டும். கை பழகுவதற்கு முன் தோலில் அடித்தால் விளிம்பில் பட்டு விரல் காயப்படும், தோலும் கிழியும். ஆளுக்கு இரண்டு குச்சி: வலக்கைக்குத் தடித்த, குட்டையான அடிக்குச்சி, இடக்கைக்கு மூங்கிலில் சீவிய மெல்லிய, நீளமான சிண்டுக்குச்சி. மூங்கில் குச்சி அடிக்கடி ஒடியும், இருபது கூடுதலாக வைத்திருங்கள். இடக்கைக்காரப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுங்கள்.

ஒத்தையடி, மாற்றடி என்ற அடிப்படை அடிகள் இரண்டையும் மெதுவாக, வாயால் சொல்லிக்கொண்டே, இரண்டு மாதம். வேகமும் ஆட்டமும் அதன் பிறகு. எல்லாரும் முதல் வாரமே சுழன்று ஆட ஆசைப்படுவார்கள். தாளம் கையில் நிலைக்கும் முன்பே ஆடினால் கூட்டமாக அடிக்கும்போது ஒலி சிதறி, ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்குவார்கள்.

தோல் ஈரத்தில் தளரும். தீயில் காட்டிக் காய்ச்சி இறுக்குவதற்கு வைக்கோலோ பழைய செய்தித்தாளோ போதும். திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு, பெரியவர் ஒருவர் மட்டும் காய்ச்ச வேண்டும். மாடிப்படியிலோ நடைபாதையிலோ நெருப்பு வேண்டவே வேண்டாம். தோலைத் தீயின்மேல் நிறுத்தி வைக்காமல் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஓரிடம் மட்டும் சூடேறினால் அங்கேதான் முதலில் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சிய பறை அரை மணியில் மீண்டும் தொங்கிவிடும். அந்த மாதங்களுக்கு மட்டும் பைபர் தோல் போட்ட பறை நான்கு வைத்துக்கொள்ளலாம். நாதம் ஒப்பிடவே முடியாது, ஆனால் வகுப்பு நிற்காது.

அடுக்குமாடிகளுக்கு நடுவே அடித்தால் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். கைக்குழந்தை இருக்கும் வீடு, இரவுப் பணி முடித்துத் தூங்குபவர், பொதுத்தேர்வு மாதம் எல்லாம் இருக்கின்றன. பிளாக்கில் ஒரு சாவு விழுந்திருந்தால் அன்று பயிற்சி இல்லை. குழு போய் அந்த வீட்டுக்கு நாற்காலி தூக்கிப் போடட்டும்.

"எங்க பிள்ளை பறை அடிக்க வேண்டாம்" என்று பெற்றோரே சொன்னால்?

ஒப்புக்கொள்ளுங்கள். சாவுக்கு அடிக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து ஒரு தலைமுறை பாடுபட்டு வெளியே வந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு அந்த ஒலியில் என்ன கேட்கிறது என்பதை வெளியிலிருந்து வந்தவர் திருத்த முடியாது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் இளம் பெண்களைக் கொண்டே பறையை மேடையேற்றி வருகிறது. அப்படி ஒரு நிகழ்ச்சிக்கோ அதன் காணொளிக்கோ பெற்றோரை அழைக்கலாம். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு நாடகமோ கேமராவோ கொடுங்கள்.

சில வேளைகளில் வேறு சாதிப் பெற்றோர் அருவருப்பில் மறுப்பார்கள். அதற்கு மட்டும் குழு வளைந்து கொடுக்கக் கூடாது. "இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் தொடுவார்கள்" என்பது சேரும்போதே சொல்லப்பட வேண்டிய நிபந்தனை.

நாடகப் பட்டறையில் பிள்ளைகள் தங்கள் கதையையே நடிக்கலாமா?

நேரடியாக வேண்டாம். தன் வீட்டில் நடந்ததை இருபது பேர் முன்னால் நடித்துவிட்டு அதே மாடிப்படியில் ஏறி அதே வீட்டுக்குத்தான் அந்தப் பிள்ளை போகப்போகிறது. பெயர், ஊர், வயது, ஆண் பெண் என்பதில் குறைந்தது இரண்டையாவது மாற்றச் சொல்லுங்கள். நான்கு பேர் சொன்ன நிகழ்வுகளைக் கலந்து ஐந்தாவது கதை ஒன்று செய்தால் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு முறை இந்த வயதுக்கு மிகப் பொருத்தம். பத்து நிமிட நாடகம், கெட்ட முடிவோடு நிற்கிறது. மீண்டும் தொடங்கும்போது பார்ப்பவர் யாராவது "நிறுத்து" என்று சொல்லி உள்ளே வந்து, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறொன்று செய்து பார்க்கலாம். போலீஸ் நிறுத்தி ஏரியா கேட்கும் காட்சி, கடைக்காரர் சம்பளப் பாக்கியை இழுத்தடிக்கும் காட்சி, அக்காவின் படிப்பை நிறுத்தும் காட்சி எல்லாம் இதற்கு உகந்தவை. அடிப்பவராக நடிப்பவரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே பையன் எப்போதும் குடிகார அப்பாவாக நடித்தால் அந்தப் பெயர் தெருவிலும் ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லி, கை கால் உதறி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கலைய வேண்டும். நேரமாகிவிட்டது என்று இதை வெட்டிவிடுகிறார்கள், அழுதுகொண்டே வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் அப்படித்தான் உண்டாகிறார்கள்.

ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால் என்ன செய்வது?

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிய வந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. ஆகவே முதல் மாதத்திலேயே குழுவிடம் சொல்லிவிடுங்கள்: "நீங்க பேசுறது இங்கேயே இருக்கும். யாராவது உங்களைத் துன்புறுத்தினா, இல்ல உயிருக்கு ஆபத்துன்னா, அப்போ மட்டும் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன். கூப்பிடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லுவேன்."

சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். "ஏன் அப்பவே சொல்லல", "நீ ஏன் அங்க போன" என்ற இரண்டும் வாயில் வரவே கூடாது. திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் சேகரிப்பது உங்கள் வேலை அல்ல. பிள்ளை சொன்ன சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்து வழிமுறை கேளுங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரியே, சீருடையில்லாமல் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம். துன்புறுத்தியவர் அதே வீட்டில் இருந்தால் பிள்ளை அன்றிரவு எங்கே தூங்கும் என்பதை 1098 அலுவலரோடு முதலில் முடிவு செய்யுங்கள்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். முயற்சி செய்துவிட்டிருந்தால் 108.

கானா எழுதச் சொன்னால் கத்தி, கஞ்சா, பெண்ணைத் திட்டுவது என்றே வருகிறது. தடை செய்யலாமா?

தடை செய்தால் பாட்டு வகுப்புக்கு வெளியே தொடரும், உங்களுக்குத் தெரியாமல். முதல் வரைவைப் பாட விடுங்கள். பிறகு ஒரே ஒரு வேலை: அதே சம்பவத்தைப் பாட்டில் வரும் பெண்ணின் வாயால், அல்லது கத்திக்குத்து வாங்கியவனின் அம்மா வாயால், அதே மெட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். சாவு வீட்டில் பிரிவைப் பாடிய மரபு கானாவுக்கு உண்டு, எனவே அம்மாவின் குரல் அதற்கு அன்னியம் அல்ல. பொதுமேடைக்குப் போகும் பாட்டில் உயிரோடிருப்பவரின் பெயர், கும்பலின் பெயர், சாதிப்பெயர் இல்லை என்பது மட்டும் விதி.

கேமரா வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஐந்து பேருக்கு ஒரு போன் போதும். வாரத்துக்கு ஆளுக்குப் பன்னிரண்டு படம் என்று எல்லை வையுங்கள், பார்த்து யோசித்து எடுப்பார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்து, ஏன் எடுத்தேன் என்று மூன்று வரி. மாத முடிவில் தேர்ந்தவற்றை ஸ்டுடியோவில் 4க்கு 6 அளவில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். போனில் இருக்கும் படம் தொலைந்துபோகும், அச்சிட்டது வீட்டுச் சுவருக்குப் போகும்.

கேட்காமல் முகம் எடுப்பதில்லை. தண்ணீர் பிடிக்கும் பெண்கள், குளிப்பவர், குடித்து விழுந்தவர், சண்டை போன்றவற்றை எடுப்பதில்லை. போனில் இடக்குறிப்பை அணைத்து வையுங்கள். இணையத்தில் போடுமுன் எடுத்தவர், படத்தில் இருப்பவர், 18 வயதுக்குட்பட்டவரானால் பெற்றோர், மூவரின் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதலைப் பின்னால் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

சுவரோவியம் வரைய?

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் வந்த பெரிய ஓவியங்களைப் பார்த்துப் பலரும் கேட்கிறார்கள். அவை தொழில்முறை ஓவியர்கள் தலைமையில் செய்தவை. நீங்கள் பத்துக்குப் பத்து அடிச் சுவரில் தொடங்குங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எழுத்து அனுமதியும், அந்தச் சுவருக்குள்ளே குடியிருப்பவரின் சம்மதமும் முதலில்.

சுவரில் உப்பு பூத்திருந்தால் அங்கே வரையாதீர்கள், ஆறு மாதத்தில் செதிலாக உதிரும். நல்ல சுவரானால் இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் காயவிட்டு, வெளிப்புற பிரைமர் ஒரு கோட், பிறகு வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட். நூறு சதுர அடி அடித்தளத்துக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் எமல்ஷன் ஆகும். சுண்ணப்பொடி தோய்த்த நூலால் ஓரடிக் கட்டங்கள் அடித்து, தாளில் ஓரங்குலக் கட்டங்களில் வரைந்ததைப் பெரிதாக்குங்கள். ஆளுக்கு ஐந்து கட்டம் என்று பிரித்தால் இருபது பேருக்கும் இடம் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர் ஏணியில் ஏற வேண்டாம். மாசி, பங்குனியில் காலை வேளை நல்லது. வடகிழக்குப் பருவமழையில் தொடவே வேண்டாம்.

தின்பண்டம் அவசியமா?

அவசியம். மதியம் சாப்பிடாமல் வருபவர்கள் உண்டு, யார் என்று கேட்கக் கூடாது. கறுப்புக் கொண்டைக்கடலை ஒன்றேகால் கிலோவை முதல் நாள் இரவே ஊற வைத்தால் இருபத்தைந்து பேருக்குச் சுண்டலாகும். பிஸ்கட் பாக்கெட்டைவிட மலிவு, பசியும் அடங்கும்.

போதையில் ஒருவர் வந்தால்?

திருப்பி அனுப்பாதீர்கள், அவர் போகும் இடம் எது என்று தெரியும். குச்சி, ஏணி, கத்தரிக்கோல் கொடுக்காமல் வழிகாட்டி பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அறிவுரை அன்று வேண்டாம், அடுத்த சந்திப்பில் பேசலாம். "சொல்யூஷன்" (பஞ்சர் ஒட்டும் பசை) முகர்ந்தவரை மட்டும் விரட்டவோ திடுக்கிட வைக்கவோ கூடவே கூடாது: அந்த ஆவி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், அந்த நிலையில் பயமும் ஓட்டமும் உயிரைப் பறிக்கலாம். மயங்கினால் 108. போதை மீட்புக்கு 14446 என்ற இலவச எண்ணும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவும் இருக்கின்றன. முதல் தடவை வழிகாட்டி கூடப் போக வேண்டும். முகவரிச் சீட்டு மட்டும் கொடுத்தால் போகமாட்டார்கள்.

பெண் பிள்ளைகள் ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்: பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாதது, திரும்பும்போது இருட்டுவது, ஒரு பையனோடு பேசியதாகக் கிளம்பும் பேச்சு. முதல் இரண்டையும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிச் சரிசெய்யலாம். மூன்றாவதற்கு, அம்மாக்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வகுப்புக்குள் உட்கார வையுங்கள். என்ன நடக்கிறது என்று பார்த்த அம்மா அக்கம்பக்கத்துக்கு அவரே பதில் சொல்வார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் கூட்டி வரச் சொல்லுங்கள், மூலையில் ஒரு பாயும் வர்ணப் பென்சிலும் போதும்.

பயன் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

வருகைப் பதிவேடுதான் முதல் அளவுகோல். யார் தொடர்ந்து இரண்டு வாரம் வரவில்லையோ அவர் வீட்டுக்கு வழிகாட்டி போக வேண்டும், மூன்றாவது வாரம் வரை காத்திருக்கக் கூடாது. மனநலத்துக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவம் எளியது. கடந்த இரண்டு வாரம் பற்றிய ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 25. பதிமூன்றுக்குக் கீழே வந்தால் அந்தப் பிள்ளையோடு தனிக் கவனத்துடன் பேச வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டி நிரப்புங்கள். தேர்வுத்தாள் போல வரிசையில் உட்காரவைத்து நிரப்பினால் எல்லாரும் நல்ல பிள்ளையாக 5 போடுவார்கள்.

மேடை நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால்?

ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். போகும்போது வண்டி, சாப்பாடு, சம்மானம் மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். சம்மானம் எல்லாருக்கும் ஒரே தொகை. "ஏழைக் குழந்தைகள்", "குற்றப்பின்னணியிலிருந்து மீண்டவர்கள்" என்று அறிமுகம் செய்யும் மேடைக்குப் போகாதீர்கள். அறிவிப்பாளர் வாசிக்க வேண்டிய நான்கு வரியைப் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கட்டும்.

நன்றாக வருபவரை அடுத்து எங்கே அனுப்பலாம்?

பதினாறு வயது வரை ஜவகர் சிறுவர் மன்றம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திருவிழாப் போட்டிகள். பிளஸ் டூவுக்குப் பின் சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி. விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே சாதிச் சான்று, வருமானச் சான்று, முகவரி மாற்றிய ஆதார் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் வாய்ப்பு தவறுவது பெரும்பாலும் இந்தக் காகிதங்களில்தான்.

பணம் நின்றுவிட்டால்?

சம்மானம், வண்டி, அச்சு, பைபர் பறை ஆகியவற்றை அந்த வரிசையில் குறையுங்கள். சுண்டலையும் உள்ளூர் வழிகாட்டிகளின் ஊதியத்தையும் கடைசிவரை தொடாதீர்கள். கலைஞர் மாதம் ஒருமுறை வந்தாலும் போதும். மற்ற சனிக்கிழமைகளில் மூத்த பிள்ளைகள் இளையவருக்குக் கற்றுக்கொடுப்பார்கள், வழிகாட்டிகள் நால்வரும் வழக்கம்போல் வந்து உட்கார வேண்டும். பறைகளையும் குச்சிகளையும் உங்கள் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லாமல் அந்தப் பகுதியிலேயே, பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இருவரின் பொறுப்பில், பூட்டிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.